ஓடிய வண்டியும் திருப்பிய மீட்டரும்

பழைய கார் வாங்கப் புறப்படும் எவருக்கும் நம் ஊரில் கேட்காமலேயே கிடைக்கும் அறிவுரைகள் இரண்டு. ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியைத் தொடாதே என்பது முதலாவது. ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய வண்டியை, அதிலும் ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் செடானை, கனவிலும் நினையாதே என்பது இரண்டாவது. அலுவலக நண்பர் சொல்வார்; மைத்துனர் சொல்வார்; வாழ்நாளில் ஒரு வண்டிகூட வாங்கியிராத பெரியப்பாவும் சொல்வார். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. எனினும், முதல் அறிவுரை நம்மைக் காப்பதற்கு மாறாக ஒரு மோசடித் தொழிலுக்கு முதலீடாகி நிற்கிறது என்பதையும், இரண்டாவது அறிவுரை ஒரு பொய்யான சொல்லைப் பலர் நம்பியதால் விளைந்த அச்சம் என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. ஆகவே இக்கட்டுரை.

நாங்கள் நால்வர். பல ஆண்டுகளாக ஒன்றாகப் புத்தகங்கள் வாசித்து, ஒன்றாகவே சண்டையிட்டு வருகிறோம். எங்களிடையே உள்ள மற்றொரு பித்து கார்கள். புதிதாக வாங்கும் வசதி எங்களில் எவருக்கும் இருந்ததில்லை. பிறர் சலித்து விற்ற நல்ல வண்டிகளைத் தேடிப்பிடித்து, சீர்செய்து ஓட்டுவதே எங்கள் வழக்கம். ஏமாந்திருக்கிறோம், ஏமாறாமல் தப்பியும் இருக்கிறோம். அந்த அனுபவத்தின் துணிவில்தான் பேசுகிறோம்.

*

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

எங்களுள் ஒருவரிடம் 2013ஆம் ஆண்டுப் பி.எம்.டபிள்யூ 320டி ஒன்று இருந்தது. எட்டு வேக ஆட்டோமேட்டிக். 2007 முதல் செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் அந்நிறுவனம் வண்டிகளைப் பூட்டி வருகிறது என்பதால், பவேரியப் பெயர் தாங்கிய அந்த வண்டியை எங்கள் மாவட்டத்துப் பிள்ளை என்றே நாங்கள் கேலியாகச் சொல்லிவந்தோம். 2017இல் 58,000 கிலோமீட்டரில் அவர் அதை வாங்கினார். பணி நிமித்தம் மாதம் இருமுறை பெங்களூர் சென்று திரும்புவார். 2023இல் அதை விற்றபோது மீட்டர் 1,62,000 காட்டியது. வண்டிக்கு ஒரு குறையுமில்லை. 88,000இல் கியர் பாக்ஸ் எண்ணெயை மாற்றியது முதல், சஸ்பென்ஷன் புஷ்கள், தண்ணீர் பம்ப், பிரேக் தட்டுகள் வரை ஒவ்வொன்றுக்கும் ரசீது வைத்திருந்தார். தடித்த ஒரு கோப்பில் அனைத்தையும் அடுக்கி, வண்டியோடு சேர்த்துச் சென்னையில் ஒரு பழைய கார் வணிகரிடம் ஒப்படைத்தார். ‘ஓடிய வண்டி சார்’ என்ற ஒற்றை வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியே வணிகர் விலையை இறக்கினார். ஒன்பதரை லட்சத்துக்குப் பேரம் முடிந்தது.

ஏழு மாதம் கழித்து நண்பருக்கு ஓர் அழைப்பு வந்தது. திருச்சியிலிருந்து ஓர் இளைஞர். வண்டியின் பின் இருக்கைக்கு அடியில் ஒரு நாவல் கிடந்ததாகவும், அதன் முதல் பக்கத்தில் பெயரும் எண்ணும் எழுதியிருந்ததாகவும், அஞ்சலில் அனுப்ப முகவரி வேண்டும் என்றும் கேட்டார். புத்தகத்தைத் திருப்பித் தரத் தேடி அழைக்கும் மனிதர் இக்காலத்தில் அரிது. நண்பர் நெகிழ்ந்துபோனார். பேச்சு வண்டியின்மேல் திரும்பியது.

“வண்டி அருமையா இருக்கு சார். இவ்வளவு கம்மியா ஓட்டி வெச்சிருக்கீங்க. எழுபத்தோராயிரம்தான ஆயிருக்கு, அதனாலதான் பதிமூணே முக்கால் குடுத்து எடுத்தேன்.”

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு உண்மையைச் சொன்னார். கோப்பு என்ன ஆயிற்று என்று கேட்டார். அப்படி ஒரு கோப்பே தமக்குத் தரப்படவில்லை. முந்தைய உரிமையாளர் தொலைத்துவிட்டார் என்று சொன்னார்களாம். தொண்ணூற்றோராயிரம் கிலோமீட்டரைத் துடைத்தழித்தவர்களுக்கு ஒரு கோப்பைத் தொலைப்பதா கடினம்?

அடுத்த மாதம் நாங்கள் திருச்சி சென்றபோது அவரைச் சந்தித்தோம். சினத்தோடு இருப்பார் என்று எண்ணியிருந்தோம். அவரோ சோர்ந்திருந்தார். பேச்சின் இடையே அவர் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

“ஒண்ணு அறுபத்திரண்டுன்னு உண்மையைச் சொல்லியிருந்தா, நான் வண்டியைப் பார்க்கவே வந்திருக்க மாட்டேன் சார்.”

அந்த வண்டியைக் கோப்போடும் உண்மையான கணக்கோடும் பத்தரை லட்சத்துக்குச் சொல்லியிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார். அதே வண்டியைக் கோப்பில்லாமல், பொய்க்கணக்கோடு, பதிமூன்றே முக்காலுக்குச் சொன்னபோது ஓடிவந்தார். ஏமாற்றப்பட்டவரைக் குற்றம் சொல்வது எங்கள் நோக்கமன்று. அவர் கேட்ட முதல் கேள்வியைத்தான் நாங்களும் எங்கள் முதல் வண்டியின்போது கேட்டோம். ‘எவ்வளவு ஓடியிருக்கு?’ நாடு முழுவதும் எல்லோரும் கேட்பது அதைத்தான். விற்பவன் அந்தக் கேள்விக்கு விடை தயாரிக்கிறான், அவ்வளவே.

*

அந்தப் பொய்யால் அவர் இழந்தது மூன்று நான்கு லட்சம் மட்டுமே என்று கருதுவோர் உண்டு. அதனினும் பெரிய சேதம் ஒன்று வண்டிக்குள் காத்திருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கியர் பாக்ஸ் எண்ணெய் கடைசியாக மாற்றப்பட்டது 88,000இல். மீட்டர் 71,000 என்று காட்டும் வண்டியை வாங்கியவர், எவரேனும் அறிந்தவர் சொல்லக் கேட்டு, 1,20,000இல் மாற்றினால் போதும் என்று காத்திருப்பார். மீட்டர் 1,20,000 காட்டும் நாளில் வண்டி உண்மையில் 2,11,000 ஓடியிருக்கும். அதாவது அதே எண்ணெயில் 1,23,000 கிலோமீட்டர். அதற்குள் கியர் பாக்ஸ் உதறத் தொடங்கினால், ‘எழுபதாயிரத்தில் வாங்கினேன், ஒரு லட்சத்தில் போய்விட்டது, ஆட்டோமேட்டிக்கே இப்படித்தான்’ என்று அவர் பத்துப் பேரிடம் சொல்வார். இரண்டாவது அறிவுரை இப்படித்தான் பிறக்கிறது. முதல் அறிவுரை பெற்ற பிள்ளை அது.

இனி அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டர் எதைக் காட்டுகிறது? சக்கரம் உருண்ட தூரத்தை. வேறெதையும் காட்டுவதில்லை. நம் உழவர்கள் பழைய டிராக்டர் வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் ஓடியது என்றே கேட்கிறார்கள். இயந்திரம் உழைப்பது நேரத்தால் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவைக் காருக்கும் பொருத்திப் பார்ப்போம். எங்கள் நண்பர் தம் கைவசம் இருந்த ஆறாண்டுகளில் ஓட்டிய தூரம் 1,04,000 கிலோமீட்டர். பெரும்பகுதி நெடுஞ்சாலை. மணிக்குச் சராசரி அறுபது என்று கொண்டால் ஏறத்தாழ 1,730 மணிநேரம். சென்னை நகருக்குள்ளேயே உழன்று 60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியொன்று, மணிக்குச் சராசரி பதினைந்து என்று கொண்டால், 4,000 மணிநேரம் உழைத்திருக்கிறது. இரண்டில் எது அதிகம் ஓடிய வண்டி?

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடியானது. எஞ்சினுக்கும் கியர்களுக்கும் இடையே டார்க் கன்வெர்ட்டர் என்னும் திரவ இணைப்பு இருக்கிறது. எண்ணெயைச் சுழற்றி அதன் விசையால் மறுபக்கத்தைச் சுழலச் செய்வது அதன் வேலை. நின்று நின்று நகரும்போது இரு பக்கங்களுக்கும் இடையே வழுக்கல் இருக்கும், வழுக்கல் வெப்பமாகும், வெப்பம் எண்ணெயைக் கெடுக்கும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது அதனுள் இருக்கும் பூட்டுக் கிளட்ச் இரு பக்கங்களையும் இணைத்துவிடும். வழுக்கல் இல்லை, வெப்பம் குறைவு. அப்போது மணிக்கணக்கில் ஒரே கியரில் ஓடுகிறது. அண்ணா சாலையில் அரை மணி நேரத்தில் மாற்றும் கியர்களை அது வாலாஜாபேட்டையிலிருந்து ஓசூர் வரை மாற்றுவதில்லை. ஆக, பெங்களூர் சாலையில் சேர்த்த ஒரு லட்சம் கியர் பாக்ஸுக்கு ஓய்வுக்கு நிகர். தியாகராய நகரில் சேர்த்த ஐம்பதாயிரம் அதற்குத் தண்டனை. இவ்விரண்டையும் பிரித்தறிய மாட்டாத ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டா நாம் லட்சக்கணக்கில் பணம் கொடுக்கிறோம்?

மொழியிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. நம்மிடையே ‘மைலேஜ்’ என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்றே பொருள். வண்டி நமக்கு என்ன தரும் என்று கேட்கத் தனிச்சொல் வைத்திருக்கிறோம். அது இதுவரை எங்கே, யாரிடம், எப்படி ஓடியது என்று கேட்க ஒரு சொல்லும் வைத்திருக்கவில்லை.

*

நிற்க. இரண்டாவது அறிவுரைக்கு வருவோம்.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் பற்றிய அச்சத்துக்கு நம் மக்களை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. அதில் பெரும்பங்கு கார் நிறுவனங்கள் பரப்பிய ஒரு சொல்லுக்கு உண்டு. ‘ஆயுட்கால எண்ணெய்’ என்பதே அச்சொல். கியர் பாக்ஸுக்குள் ஊற்றிய எண்ணெயை வண்டியின் ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை என்று பி.எம்.டபிள்யூ உள்ளிட்ட பல நிறுவனங்கள் சொல்லிவந்துள்ளன. சொற்களோடு வாழ்பவர்கள் என்ற முறையில் எங்களுக்கு இதில் ஒரு கேள்வி உண்டு. யாருடைய ஆயுள்?

அந்த 320டியின் எட்டு வேக கியர் பாக்ஸ் பி.எம்.டபிள்யூ செய்ததன்று. ஜெர்மனியின் பிரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரில் 1915இல் தொடங்கப்பட்ட இசட்.எப். நிறுவனத்தின் 8எச்பி என்னும் படைப்பு அது. 2009 முதல் வண்டிகளில் வருகிறது. நான்கு கோள் பற்சக்கரத் தொகுதிகள், ஐந்து பிடிப்புக் கருவிகள்; எந்த கியரிலும் அவற்றுள் இரண்டு மட்டுமே திறந்திருக்கும். வீண் உராய்வு குறைவு. இப்படிப்பட்ட பொறியைப் படைத்தவர்களே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள், எண்ணெயை மாற்றுமாறு பரிந்துரைக்கிறார்கள். செய்தவர் மாற்று என்கிறார். அதை வாங்கித் தம் வண்டியில் பூட்டியவர் வேண்டாம் என்கிறார். பூட்டியவருக்கு முதல் உரிமையாளரின் பராமரிப்புச் செலவு குறைவாகத் தெரிவது விற்பனைக்கு உதவும். இரண்டாம், மூன்றாம் உரிமையாளர் அவருடைய வாடிக்கையாளர் அல்லர். ‘ஆயுட்காலம்’ என்ற சொல்லின் உண்மைப் பொருள் உத்தரவாதக் காலம் என்பதே எங்கள் முடிவு. வண்டி வாழ வேண்டிய மீதி வாழ்க்கை அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறது.

அந்த எண்ணெய் வெறும் மசகு மட்டுமன்று. டார்க் கன்வெர்ட்டரில் விசையைக் கடத்துவது அது. கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிப்பது அது. வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றுவதும் அதுவே. கிளட்ச் தட்டுகளிலிருந்து தேய்ந்து உதிரும் துகளும் அதில்தான் மிதக்கிறது. நான்கு வேலை செய்யும் ஒருவனுக்கு ஆயுள் முழுக்க ஓய்வே வேண்டாம் என்று எவரேனும் சொன்னால் நம்புவோமா?

எண்ணெய் மாற்றும் வேலையும் எளிதன்று என்பதைச் சொல்ல வேண்டும். இந்தவகை கியர் பாக்ஸ்களில் வடிகட்டி, பிளாஸ்டிக்கால் ஆன அடித்தட்டோடு ஒன்றாகவே வருகிறது. தட்டையே மாற்ற வேண்டும். எண்ணெய் அளவைப் பார்க்கக் குச்சி கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்க, துளைவழி வழியும்வரை நிரப்பி மூட வேண்டும். ஸ்கேனர் இல்லாத பட்டறையில் இதைச் செய்வது குருட்டுவேலை. நண்பருக்கு இதற்கு ஆன செலவு ஐம்பதாயிரத்தை ஒட்டி. செலவுதான். ஆனால் கியர் பாக்ஸையே மாற்ற நேர்ந்தால் ஆகும் பல லட்சத்தோடு ஒப்பிடுங்கள். அவருடைய மெக்கானிக் அப்போது சொன்னது எங்களுக்கு மறக்கவில்லை: “சார், இந்தப் பெட்டி தானா கெடாது. நம்ம கஞ்சத்தனம்தான் கெடுக்கும்.”

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றென்று எண்ணுவதும் இந்த அச்சத்தின் ஒரு பகுதி. டார்க் கன்வெர்ட்டர் வகை ஒன்று. இரட்டைக் கிளட்ச் வகை வேறு. இரட்டைக் கிளட்ச்சிலும் எண்ணெயில் முழுகியது, உலர்ந்தது என இருவகை உண்டு. ஸ்கோடா ஆக்டேவியாவையே பாருங்கள். அதன் 1.8 டி.எஸ்.ஐ. ஆட்டோமேட்டிக்கில் ஏழு வேக உலர் கிளட்ச் கியர் பாக்ஸ். 2017இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஆர்.எஸ். வகையில் ஆறு வேக ஈரக் கிளட்ச். அதற்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும் என்று நிறுவனமே விதித்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள். உள்ளே இரண்டும் இருவேறு சாதி இயந்திரங்கள். இரட்டைக் கிளட்ச் வண்டிகளில் எழுந்த கோளாறுகளுக்காக 2013 மார்ச்சில் சீனாவில் மட்டும் 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைத்தது போக்ஸ்வாகன். அதே ஆண்டு நவம்பரில் ஏழு வேக வகையில் செயற்கை எண்ணெயை நீக்கிக் கனிம எண்ணெய் நிரப்ப உலகெங்கும் மற்றொரு திரும்ப அழைப்பு. ஓர் உலர் கிளட்ச் வண்டி வெயிலும் நெரிசலும் மிகுந்த நகரில் வாழ்ந்திருந்தால், மீட்டரில் நாற்பதாயிரமே இருந்தாலும் நாங்கள் தயங்குவோம். டார்க் கன்வெர்ட்டர் வண்டி நெடுஞ்சாலையில் ஒன்றரை லட்சம் ஓடி, எண்ணெய் மாற்றிய ரசீதும் வைத்திருந்தால், தயங்க மாட்டோம்.

‘ஸ்போர்ட்ஸ் செடான் என்றால் மானுவல்தான், ஆட்டோமேட்டிக் சோம்பேறிகளுக்கு’ என்று சொல்லும் தூய்மைவாதிகளும் உண்டு. அவர்களோடு நீண்ட வாதம் தேவையில்லை. பி.எம்.டபிள்யூ தன் எம்5 செடானுக்கு 2011இல் இரட்டைக் கிளட்ச்சைப் பூட்டியது. 2017இல் வந்த அடுத்த தலைமுறைக்கு அதைக் கைவிட்டு டார்க் கன்வெர்ட்டருக்கே திரும்பியது. அறுநூறு குதிரைத்திறன் வண்டிக்குப் போதுமானது நமக்குப் போதாதா?

*

இவ்வளவு சொன்னபின் எப்படித் தேர்வது என்று சொல்லாமல் விடுவது முறையாகாது.

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே, எஞ்சினைக் கிளப்பி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் முதல்முறை கிளப்பும்போதுதான் பல உண்மைகள் வெளிவரும். பிரேக்கை மிதித்தபடி ‘ஆர்’, பிறகு ‘டி’ என்று மாற்றுங்கள். நெம்பியதற்கும் வண்டி பிடிப்பதற்கும் இடையே ஒரு நொடிக்கு மேல் தாமதமோ, பிடிக்கும்போது இடி போன்ற உதைப்போ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நாற்பது நிமிடமாவது ஓட்டுங்கள். பாதி நெரிசலில், பாதி திறந்த சாலையில். விற்பவர் தெருமுனை வரை சென்று திரும்பினால் போதும் என்பார். ஒப்புக்கொள்ள வேண்டாம். எண்ணெய் நன்கு சூடேறிய பின்னரே தேய்ந்த கியர் பாக்ஸ் தன்னைக் காட்டிக்கொள்ளும். மிதமான வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தும்போது, கரடுமுரடான சாலையில் செல்வதுபோல் ஒரு மெல்லிய நடுக்கம் தோன்றினால் பூட்டுக் கிளட்ச்சில் கோளாறு. கியர் மாறும் கணத்தில் எஞ்சின் மட்டும் உறுமி வேகம் கூடாமலிருந்தால் உள்ளே கிளட்ச் வழுக்குகிறது. நிற்கப்போகும் தறுவாயில் பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல் இருந்தால் அதையும் கேளுங்கள். அடுத்து வண்டியை லிஃப்டில் ஏற்றி, கியர் பாக்ஸின் அடித்தட்டிலும் ஒயர்கள் நுழையும் இடத்திலும் எண்ணெய்க் கசிவைத் தேடுங்கள்.

பிறகு ஸ்கேனர். பல ஐரோப்பிய வண்டிகளில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் பதிவாவதில்லை. வேறு சில கணிப்பொறிகளிலும், சில வண்டிகளில் சாவியிலும்கூடப் பதிவாகிறது. எல்லாவற்றையும் திருப்பப் பொறுமை உள்ள மோசடிக்காரர் சிலரே. இருக்கையின் ஓரம், ஸ்டீயரிங்கின் தேய்வு, பிரேக் பெடலின் ரப்பர் ஆகியவையும் சாட்சி சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலானது கோப்பு. ரசீதில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். அவற்றை வரிசையாக அடுக்கினால் எண் ஏறிக்கொண்டே வர வேண்டும். எங்கேனும் இறங்கினால் பொய். பல ஆண்டுகள் வெற்றிடமாக இருந்தால், அதுவும் பொய்யின் ஒரு வகையே. கோப்பில்லாத அறுபதாயிரத்தைவிடக் கோப்புள்ள ஒன்றரை லட்சம் மேல் என்பதே எங்கள் உறுதியான நிலைப்பாடு.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஓடிய வண்டியைத் தேடிப் புறப்பட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுப்பவர் இத்தகைய வண்டியை வாங்கக் கூடாது. விலையில் நான்கில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்க முடிந்தவரே வாங்கலாம். முதலாண்டிலேயே அதன் பெரும்பகுதி செலவாகும் என்று தெரிந்தே வாங்க வேண்டும். பத்தாண்டுகளைத் தாண்டிய வண்டியில் ரப்பர் காய்ந்திருக்கும். பிளாஸ்டிக் குழாய்கள் நொறுங்கும். எண்பது லட்சம் பெறும் வண்டியைப் பத்து லட்சத்துக்கு வாங்கினாலும் அதன் உதிரிப்பாகங்களின் விலை எண்பது லட்ச வண்டிக்கு உரியதாகவே இருக்கும். இதைத் தாங்க மாட்டாதவர் புதிய சிறிய கார் ஒன்றை வாங்கி நிம்மதியாக இருப்பதே மேல். அதில் இழிவொன்றுமில்லை.

*

மோசடியைத் தடுக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும். பெல்ஜியத்தில் 2006 முதல், பழைய வண்டியை விற்கும்போது ‘கார்-பாஸ்’ என்னும் சான்றிதழைக் கொடுத்தாக வேண்டும். பட்டறைகள் ஒவ்வொரு பழுதுபார்ப்பின்போதும் அனுப்பிய கிலோமீட்டர் கணக்கு அதில் தேதியோடு இருக்கும். ஜெர்மனி 2005இல் மீட்டர் திருத்துவதைத் தனிக்குற்றமாக்கியது. அமெரிக்காவில் 1972இலிருந்தே கூட்டரசுச் சட்டம் இருக்கிறது. எனினும் ஆண்டுக்கு 4,50,000க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய்க்கணக்கோடு விற்கப்படுவதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. நம் நாட்டில் பழைய வண்டி வணிகர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பெல்ஜியத்தில் இருப்பதுபோல் எல்லாப் பட்டறைகளின் கணக்கையும் ஓரிடத்தில் சேர்க்கும் பொது ஏடு நமக்கு இல்லை. அப்படி ஓர் ஏடு வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. வண்டியின் பதிவு, காப்பீடு, புகைச் சான்று அனைத்தையும் கணிப்பொறியில் ஏற்றிய அரசுக்கு ஓர் எண்ணைக் கூடுதலாக ஏற்றுவது மலையைப் பெயர்க்கும் வேலையன்று.

ஏட்டுக்கு முன்னதாக மாற வேண்டியது வாங்குபவரின் கேள்வி. திருச்சி இளைஞரிடம், நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுங்கள், நாங்கள் சாட்சி சொல்கிறோம் என்றோம். நெடுநேரம் யோசித்தார். முறையிட்டால் வண்டியின் உண்மைக் கணக்கு வெளியே வரும். பிறகு அதை எவரும் வாங்க மாட்டார்கள். ஆகவே வேண்டாம் என்றார். ஏமாற்றியவனைக் காப்பாற்ற ஏமாந்தவரே வாயை மூடிக்கொள்ளும்படி இந்தச் சந்தையை அமைத்திருக்கிறோம். அவரை அவ்வாறு மூடவைப்பது வணிகர் மட்டுமல்லர். அடுத்து அந்த வண்டியைப் பார்க்க வந்து, ‘எவ்வளவு ஓடியிருக்கு’ என்று முதலில் கேட்கப்போகிறவரும்தான்.

நண்பர் தம்மிடமிருந்த ரசீதுகளின் நகல்களை எல்லாம் மீண்டும் திரட்டி அவருக்கு அனுப்பிவைத்தார். அவர் கியர் பாக்ஸ் எண்ணெயை மாற்றிவிட்டார். வண்டி இன்றும் நன்றாக ஓடுகிறது. மீட்டர் காட்டும் எண்ணோடு 91,000ஐக் கூட்டிச் சிறு தாளில் எழுதி, டேஷ்போர்டு அறைக்குள் ஒட்டி வைத்திருக்கிறார். அண்மையில் பேசியபோது ஒன்று கேட்டார்: “நாளைக்கு நான் விக்கும்போது எந்தக் கணக்கைச் சொல்றது சார்? மீட்டர்ல இருக்கிறதையா, தாள்ல இருக்கிறதையா?”

தாளில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றோம். சொல்வது எங்களுக்கு எளிது. சொன்னால் இரண்டு மூன்று லட்சத்தை இழக்கப்போகிறவர் அவர். அவர் இழக்காமலிருக்க வேண்டுமென்றால், அந்தத் தாளையும் கோப்பையும் பார்த்துவிட்டு, இதுதான் நல்ல வண்டி என்று உரிய விலை கொடுக்கும் ஒருவர் எதிரே நிற்க வேண்டும். அந்த ஒருவராக நாம் இருக்கத் தயாரா என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி. அதுவரையில், மீட்டரைத் திருப்புகிறவனைத் திட்டுவதற்கு நமக்குப் பாதி உரிமைதான் உண்டு.